விரல் வைத்த வரி

ஜனவரி 6

கர்த்தருக்குள் அன்பான குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம், புத்தகக் கடையும் சுகம். மின்விசிறிக்கு மட்டும் சுகமில்லை. சுற்றும்போதெல்லாம் யாரோ சப்புக்கொட்டுவது போல ஒரு சத்தம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கல்யாணமாகி ஊர் மாறிப் போனவளுக்குக் கூடப் பிறந்தவள் ஞாபகம் வருமா என்று கோபமாகத்தான் இருந்தேன். கோபத்தோடு எழுத உட்கார்ந்தால் எழுத்து கோணலாகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வாசிப்புக்கு இப்போது நாற்காலி போதவில்லை. நாலு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, பாட்டுப் புத்தக ரேக்கைச் சுவரோடு தள்ளி, சபை மண்டபத்திலிருந்து மடக்கு நாற்காலிகள் கொண்டுவந்து வட்டமாகப் போடுகிறோம். அப்பா காலத்து வழக்கம் எதையும் மாற்றவில்லை. ஒரே புத்தகம், ஒரே பிரதி, கைக்குக் கை. போன வாரம் புதிதாக ஒரு டீச்சரம்மா வந்தார். பக்கத்தில் இருந்தவர் வாசிக்க முடியாமல், நின்ற வரியில் விரலை வைத்துப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். டீச்சரம்மா வாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டியதுதானே? "என்னாச்சுங்க?" என்று கேட்டுவிட்டார். அத்தனை பேரும் அவரைப் பார்த்த பார்வையில் பாவம் குன்றிப்போனார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, இங்கே ஏன் என்று கேட்கக்கூடாது, விரல் இருக்கும் இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான் என்று விளக்கினேன். அந்தச் சட்டம் யாரால் வந்தது என்று சொல்லவில்லை. அப்பா போன அடுத்த சனிக்கிழமை, பாவாடை கட்டிய ஒரு குட்டிப் பெண் பாதி வரியில் நின்று, விரலை வைத்துப் புத்தகத்தை என் பக்கம் திருப்பியது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். அன்றைக்கு உன்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை எங்கள் மரியாதை.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை எழுதிய குடும்ப வாழ்க்கைப் புத்தகம் கடையில் வைத்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. அடுத்து அதைத்தான் வாசிக்க வேண்டும் என்று எல்லாரும் பிடிவாதம். முடிக்கிற சனிக்கிழமையில் ஆசிரியரே வந்தால் நன்றாக இருக்கும். பிரசங்கத்துக்கு ஊர் ஊராகப் போகிறவர், மைத்துனி கடைக்கு வரமாட்டாரா? நீயும் கூட வா. உன் நாற்காலி இருக்கிறது.

உன் பதிலை எதிர்பார்த்து, ஜெபத்தோடு,
அக்கா


ஜனவரி 29

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். கட்டாயம் வருவதாகச் சொல்லச் சொன்னார்.

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வலது மணிக்கட்டில் சுளுக்கு. மாடிப்படியில் கவனமில்லாமல் இறங்கிவிட்டேன். இப்போது பரவாயில்லை. எழுத்து சரியாக வராததால், எழுதியதும் அவர் ஒருமுறை படித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்தித் தருகிறார். உறையை ஒட்டித் தபாலில் சேர்ப்பதும் அவர்தான். அலைச்சல் எனக்கு இல்லை.

அக்கா, புத்தகம் விஷயமாக ஒன்று. அது பொடி எழுத்து. வட்டத்தில் வயதானவர்கள் அதிகம். வேறு ஏதாவது பெரிய எழுத்துப் புத்தகம் எடுத்தால் அவர்களுக்குச் சுலபமாக இருக்குமே என்று தோன்றியது. உன் இஷ்டம்.

மின்விசிறிக்கு எண்ணெய் விடு.

அன்புள்ள,
தங்கை


பிப்ரவரி 10

கர்த்தருக்குள் அன்பான குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மணிக்கட்டு எப்படி இருக்கிறது? சுளுக்கு என்றால் பச்சைத் தண்ணீரில் நனைக்காதே. படியில் இறங்கும்போது நீ சின்ன வயதிலும் வானத்தைப் பார்த்துத்தான் இறங்குவாய். இன்னும் திருந்தவில்லை.

பொடி எழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. தந்தி சார் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்துவிட்டார். தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மனுஷன் இன்னும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுவது போலத்தான் பேசுகிறார். கண்ணாடியை மேசையில் வைத்து, "வாசிக்க" என்றார். அவ்வளவுதான்.

முதல் இரண்டு அத்தியாயம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு என்ன நடை, குட்டி. தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பத்திக்குப் பத்தி ஆமென் மாமா ஆமென் போட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் எதற்கு வேண்டுமானாலும் ஆமென் போடுவார், மின்விசிறி நின்றால்கூடப் போடுவார் என்றாலும் இந்தத் தடவை சத்தம் கூடுதல்தான். கடைக்குப் புத்தகம் தைத்துக் கொடுக்கும் பைண்டரம்மா மட்டும் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. அவள் முறை வந்தால் வாசிப்பாள், முடித்துக் கொடுப்பாள், விரலில் சுற்றிய துணியோடு வீட்டுக்குப் போவாள். கத்தியோடு வேலை செய்கிறவள், விரலில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும்.

என் தங்கை வீட்டுக்காரர் எழுதிய புத்தகம் என்று நான் சொல்லிக்கொள்வது இல்லை. அவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

நீ வருகிறாயா இல்லையா, அதை எழுது. மற்றது எதற்கும் பதில் வேண்டாம்.

ஜெபத்தோடு,
அக்கா


மார்ச் 2

கிறிஸ்துவுக்குள் மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தங்கள் சகோதரியின் கணவன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் ஊழியமாகிய புத்தகக் கடையும் ஆசீர்வாதமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கு யாவரும் சுகம்.

நிற்க. தாங்கள் அவளுக்கு எழுதிய கடிதம் வந்தது. அவள் கை இன்னும் சரியாகாததால் நானே பதில் எழுதுகிறேன். என் எளிய புத்தகத்துக்குத் தங்கள் வட்டத்தார் காட்டும் அன்பு என்னைத் தாழ்மைப்படுத்துகிறது. மே மாதம் முதல் சனிக்கிழமை எனக்கு வசதிப்படும்.

அவளைப் பற்றித் தாங்கள் கேட்டிருந்தீர்கள். சமீப காலமாக அவளுக்கு மறதியும் கவனக்குறைவும் அதிகம். அடுப்பில் வைத்ததை மறப்பாள், கதவை மறப்பாள். ஊரிலிருந்து கடிதம் வரும் நாட்களில் மனம் கலங்கி, வீட்டு வேலையில் புத்தி இருப்பதில்லை. ஆகவே கடை சம்பந்தமானவற்றை இனி நேராக எனக்கே எழுதுவது நல்லது என்று தாழ்மையாகத் தெரிவிக்கிறேன். குடும்ப பாரம் தங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று. தாங்கள் கர்த்தருக்கென்று தனித்திருக்கிறவர்கள். தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் வருவது அவள் உடல்நிலையைப் பொறுத்தது.

கிறிஸ்துவின் அன்பில்,
தங்கள் மாப்பிள்ளை


மார்ச் 12

கர்த்தருக்குள் அன்பான குட்டிக்கு,

அக்கா எழுதுவது. கடை விஷயத்தை மாப்பிள்ளைக்கு எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதுவேன். இது கடை விஷயம் இல்லை, என் தங்கை விஷயம். உனக்கு உடம்புக்கு என்ன? மறதி என்றால் என்ன மறதி? அப்பாவின் பாட்டுப் புத்தகத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை பாராமல் சொன்ன நீ, அடுப்பை மறந்தாய் என்றால் நம்பமுடியவில்லை. டாக்டரிடம் போனாயா?

நேற்று வாசிப்பில் எனக்கு எரிச்சல் வந்தது. ஐந்தாம் அத்தியாயம். உனக்குத் தெரியும், அந்த மனைவியின் கதை. வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது அறைக்கதவில் விரல்கள் நசுங்கி, வந்தவர்கள் மனம் நோகக்கூடாதென்று அவள் சத்தமே போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள் என்றும், மௌனத்தின் மேன்மையைக் கணவன் அன்றுதான் கண்டான் என்றும் வருமே, அந்த இடம். பைண்டரம்மாவின் முறை. "கதவு" என்ற சொல் வரை வாசித்தாள். விரலை வைத்தாள், தந்தி சார் பக்கம் திருப்பினாள். தந்தி சார் அவள் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், வாசிக்காமல் அடுத்தவருக்குத் திருப்பினார். அவரும் திருப்பினார். இப்படியே வட்டம் முழுக்கச் சுற்றி என்னிடம் வந்து நின்றது. இவ்வளவு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

நான் வாசித்தேன். சட்டப்படி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் முடித்தபோது ஆமென் மாமாகூட ஆமென் சொல்லவில்லை. தூங்கிவிட்டார் என்று பார்த்தேன், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் என் வீட்டு மாப்பிள்ளை என்று தெரிந்தும் இப்படிச் செய்தார்களே என்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பைண்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. அந்த மனைவி நீதானே? உனக்கு எப்போது விரல் நசுங்கியது? எனக்கு எழுதவே இல்லையே.

பதில் எழுது. நீ எழுது.

அக்கா


ஏப்ரல் 6

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

இங்கே வெயில் அதிகம். வாசலுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறது. கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. டாக்டரிடம் போகும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

ஐந்தாம் அத்தியாயம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் இப்போது சத்தமாக வாசிப்பது கிடையாது அக்கா. பழக்கம் விட்டுப்போய்விட்டது. என்றைக்காவது வாசிக்க உட்கார்ந்தால் என் அடுத்த நாற்காலி உன்னுடையதாக இருக்கட்டும். இதற்கு மேல் எழுத வரவில்லை. இந்த வரியில் விரலை வைத்து உன் பக்கம் திருப்புகிறேன்.

தங்கை


ஏப்ரல் 11

அன்பான பைண்டரம்மாவுக்கு,

புத்தகக் கடையிலிருந்து எழுதுகிறேன். சுகமாக இருக்கிறீர்களா? நாலு சனிக்கிழமையாக உங்கள் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. தைக்க வேண்டிய பாட்டுப் புத்தகக் கட்டோடு இதையும் தந்தி சார் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிரித்துப் பார்க்கமாட்டார். நேரில் வந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். எழுதிய பிறகு அதைக் கணவர் படித்துத்தான் அனுப்புகிறார். அதில் அவள் விரல் வைத்துத் திருப்பியிருக்கிறாள். விரல் வைத்த இடத்திலிருந்து நான் தொடர வேண்டும். ஆனால் எனக்கு வரி தெரியவில்லை. அது வந்த இந்த இரண்டு நாளும் அவள் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படிக்கிறேன். போன வருஷம் காய்ச்சல். அதற்கு முன்னால் குளியலறையில் வழுக்கியது. அப்புறம் மாடிப்படி. எல்லாவற்றுக்கும் நான் கவனமாக இரு என்று பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவளுடைய மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைச் சட்டத்தை முதல் தடவையாக மீறுகிறேன். அன்றைக்கு நீங்கள் ஏன் புத்தகத்தைத் திருப்பினீர்கள்?

உங்கள்,
கடைக்காரி


ஏப்ரல் 12

கடையம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும். எனக்குக் கடுதாசி நடையெல்லாம் வராது, பேசுற மாதிரியே எழுதுறேன்.

கதவு தானா மூடாதும்மா. எங்க வீட்லயும் அஞ்சு வருசம் அப்படி ஒரு கதவு இருந்துச்சு. போன மாசம் அந்தாளு வேற ஊருக்கு ஓடிப்போனதுல எனக்கு விடிஞ்சுது. அதுவரைக்கும் கையில கட்டோடதான் உங்க கடைக்கு வந்தேன். கத்தி பட்டுருச்சுன்னு நீங்க கேக்காமலே நானே சொல்லிக்குவேன். நீங்களும் மருந்து வாங்கித் தருவீங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டீங்க. நீங்க நல்லவங்க, அதனால கேக்கல. கோவத்துல எழுதல, உள்ளதச் சொல்றேன்.

அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது, விருந்தாளிங்க இருந்தாங்கன்னு வந்துச்சு பாருங்க, அங்க எனக்கு மூச்சு நின்னுபோச்சு. வெளியில ஆளுங்க இருக்கும்போதுதான் நாம சத்தம் போட மாட்டோம்னு இந்த மாதிரி ஆம்பளைங்களுக்குத் தெரியும்.

உங்க தங்கச்சியைக் கேளுங்கம்மா. ஆனா கடுதாசியில கேக்காதீங்க, அவர் மட்டும் கூட இருக்கும்போதும் கேக்காதீங்க. நாலு பேரு இருக்கிற இடத்துல, நீங்க பக்கத்துல உட்கார்ந்துகிட்டு கேளுங்க. எப்படியாவது கடைக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம். என்னை ஒருத்தர் கேட்டிருந்தா அஞ்சு வருசம் ஆகியிருக்காது.

பாட்டுப் புத்தகம் வெள்ளிக்கிழமை தர்றேன்.

பைண்டர்


ஏப்ரல் 21

கிறிஸ்துவுக்குள் மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தங்கள் சகோதரியின் கணவன் எழுதிக்கொள்வது. தாங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. அவள் தங்களுக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தை வழக்கம்போல நானும் வாசித்தேன். விரல் வைத்துத் திருப்புவதாக எழுதிய வரியைக் கண்டு சிரித்தேன். தங்கள் கடை வழக்கத்தைத் தாங்களே ஜனவரிக் கடிதத்தில் விவரமாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை அனுப்பாமல் நிறுத்தியிருக்கலாம். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, ஆகவே நானே தபாலில் சேர்த்தேன். சகோதரிகளின் சிறுபிள்ளை விளையாட்டில் குறுக்கிடுவானேன்?

ஆனால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். வாங்கிக்கொள்கிறவர் ஏன் என்று கேட்கக்கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் அடங்கியதுதானே, அண்ணி? ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை விடலாகாது.

அவள் இனி எழுதமாட்டாள். ஓய்வு தேவை. மே முதல் சனிக்கிழமை நான் மட்டும் வருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
தங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 25

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளைக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கடிதம் கண்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. கேட்கக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். இவ்வளவு வருஷமாக நான்தான் அதைக் கட்டிக் காப்பாற்றி வருகிறேன். என் தங்கை சின்னப் பிள்ளை போல எதையோ எழுதினாள் என்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் நான் இல்லை. கல்யாணமாகாத எனக்கு வீட்டு விஷயம் என்ன தெரியும்?

ஒரு சங்கடம் மட்டும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நோட்டீஸ் அடித்துவிட்டோம். உங்கள் படம் நடுவில் பெரிதாக வந்திருக்கிறது. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். "ஆசிரியரும் துணைவியாரும் கலந்துகொள்வார்கள், கடைசி அத்தியாயத்தைத் துணைவியார் வாசிப்பார்" என்று போட்டு மூன்று சபைகளிலும் ஒட்டியாகிவிட்டது. போதகர்கள் வருகிறார்கள். இரண்டாம் பதிப்பு போடலாமா என்று யோசிக்கும் பதிப்பாளரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். குடும்ப வாழ்க்கை பற்றி எழுதியவர் துணைவியார் இல்லாமல் வந்தால் ஜனங்கள் விசாரிப்பார்கள். எங்கே, என்ன உடம்புக்கு, பார்க்க வரலாமா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கடைக்குள் கேட்கக்கூடாது என்று சொல்லலாம், வாசலில் நின்று கேட்கிறவர்கள் வாயை நான் மூடமுடியாது. எனக்குப் பொய் சொல்லியும் பழக்கமில்லை.

அவளுக்கு ஒரு பாரமும் இல்லை. வந்து உட்கார்ந்து நாலு பக்கம் வாசித்தால் போதும். உங்களுக்கு வட்டத்தின் எதிர்ப்பக்கம், வசன அட்டைகளுக்குக் கீழே, கைவைத்த நாற்காலி போட்டிருக்கிறேன். எல்லாரும் உங்களை நன்றாகப் பார்க்கலாம்.

மின்விசிறியையும் சரிபண்ணிவிட்டேன்.

ஜெபத்தோடு,
அண்ணி


மே 19

உங்கள் கடிதம் கிடைத்தது.

அக்கா சொல்லிக்கொடுத்ததை நான் சபை நடுவே ஒப்பித்தேன் என்றும், இருவரும் சேர்ந்து சதி செய்தோம் என்றும், தனியாக வந்து பேசினால் எல்லாவற்றையும் மன்னித்து ஏற்றுக்கொள்வீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். இருந்தும் இப்படி எழுதுவதால், நடந்ததை ஒருமுறை உள்ளபடி எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததிலிருந்து அக்கா என்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் என் முழங்கையை விடவே இல்லை, அவள் எப்படிப் பேசுவாள்? கைவைத்த நாற்காலியைக் காட்டியதும்தான் விட்டீர்கள். எனக்கு இந்தப் பக்கம் துணி சுற்றாத விரல்களோடு ஒரு அம்மா. அவர்கள்தான் பைண்டரம்மா என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அக்கா. கடைசி அத்தியாயத்தில் அடையாள நாடா வைத்துப் புத்தகத்தை என் மடியில் கொடுத்தார்கள். அதை எடுத்துவிட்டு ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போனது நான். யாரும் சொல்லவில்லை. காலையில் பஸ்ஸில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து பதிப்பாளரிடம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தீர்களே, அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

"அது இல்லம்மா, கடைசி அத்தியாயம்" என்று எதிரிலிருந்து சிரித்தபடி சொன்னீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போன பிறகு அதற்குக் கணக்குத் தீர்ப்பீர்கள். பயத்தில் எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. ஆனாலும் வாசித்தேன். விருந்தாளிகளை வாசித்தேன். அறையை வாசித்தேன். "கதவு" வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. விரலை வைத்து அக்கா பக்கம் திருப்பினேன்.

அக்கா வாங்குவதற்குக் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில்தான் நான் உயிரை விட்டேன். இவளும் கைவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏன் குட்டி நிறுத்தின?" என்று கேட்டாள்.

அந்தக் கடையில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. உடனே நீங்கள்தான் பேசினீர்கள், உங்க சட்டம் என்னாச்சு அண்ணி என்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, விளையாட்டுப் போல. அவள் உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள். "ஏன்?"

இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"கதவை மூடினது இவர்தான்க்கா. என் கை உள்ள இருக்கிறது தெரிஞ்சுதான் மூடினார்."

நான் சொன்னது அவ்வளவுதான். இதை யாராவது சொல்லிக்கொடுக்க முடியுமா? பைண்டரம்மா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். போதகர்கள் தரையைப் பார்த்தார்கள். பதிப்பாளர் தன் கைப்பையைத் தேடினார். அப்போது அந்த வயதான மாமா ஆமென் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அது உங்களுக்கும் கேட்டிருக்கும்.

நீங்கள் எழுந்து வந்து, புறப்படு என்று என் கையைப் பிடித்ததும், அதே மணிக்கட்டு என்பதால் நான் கத்திவிட்டதும், அத்தனை மடக்கு நாற்காலியும் ஒரே நேரத்தில் தரையில் கீச்சிட்டதும் உங்களுக்கு மறந்திருக்காது. யாரும் உங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. எல்லாரும் எழுந்து நமக்கு நடுவில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். உங்களோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தவர் தந்தி சார். வழியெல்லாம் வாய் திறக்காமல் வந்து, கடைசியில் "பஸ்" என்று மட்டும் சொன்னதாக அவரே இங்கே வந்து சொன்னார்.

திரும்பி வரமாட்டேன். என் துணிகளும் அப்பாவின் பாட்டுப் புத்தகமும் அங்கே இருக்கின்றன. பாட்டுப் புத்தகத்தை மட்டும் அனுப்பினால் போதும். அனுப்பாவிட்டாலும் எனக்குப் பாராமல் தெரியும்.

இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் உங்கள் சுகத்தை விசாரிக்கவில்லை, நான் சுகம் என்றும் எழுதவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது. பழைய அடி சரியாகச் சேரவில்லை, நாளாகும் என்று டாக்டர் சொன்னார். மாடிப்படியா என்று அவர் கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

அக்காவின் தொல்லைதான் தாங்கவில்லை. சட்டத்தை மீறினாலும் மீறினாள், இப்போது வாய் நிறைய ஏன்தான். ஏன் சாப்பிடவில்லை, ஏன் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், ஏன் ஜன்னலையே பார்க்கிறாய். கடைக்கு வருகிறவர்களையும் விடுவதில்லை. ஆமென் மாமா தும்மினால்கூடக் காரணம் கேட்கிறாள். இப்போதும் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டு, யாருக்கு எழுதுகிறாய், ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்கிறாள். ஆனால் படிக்கக் கேட்கவில்லை.

உறையை நானே ஒட்டி, நானே தபாலில் போடப்போகிறேன். இதில் பிழைகள் இருக்கும். திருத்த வேண்டாம்.